பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவி வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. சென்ற மாதம் காய்ச்சலோடு படுத்திருந்தவளுக்குத் திடீரென உடல் விறைத்து, கண்கள் மேலே செருகி, கைகால்கள் வெட்டி இழுத்தன. மாமியார் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்; நாக்கை விழுங்கிவிடுவாளோ என்று நான் கரண்டியை வாயில் நுழைக்கப் பார்த்தேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடிக்கக் கீழே ஓடினோம். நாங்கள் செய்தது சரியா? (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. நீங்கள் விவரிப்பது காய்ச்சல் வலிப்பைப் போலவே இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் 5 நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். சாவி கொடுத்ததும் வலிப்பு நின்றதாகத் தலைமுறை தலைமுறையாக நாம் நம்பி வந்ததற்கு இதுதான் காரணம். இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பே இல்லை. மாமியாரின் பரிவை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கரண்டியை மட்டும் இனி எடுக்கவே எடுக்காதீர்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கரண்டியோ பல்லை உடைக்கும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் இறங்கும்.

பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, உடனே சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். முதல்முறை வரும் வலிப்பு, 5 நிமிடங்களைத் தாண்டும் வலிப்பு, நின்ற பிறகும் நினைவு திரும்பாத நிலை ஆகிய எதற்கும் டாக்சி ஏற்றதன்று, ஏனெனில் வழியில் மூச்சு தடைப்பட்டால் அதில் உதவ ஆளும் இல்லை, கருவியும் இல்லை. குடிமைத் தற்காப்புப் படையின் அழைப்பு நிலையத்தில் இருப்பவர், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று தொலைபேசியிலேயே வழிகாட்டுவார். புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் தெளிவாகச் சொல்லுங்கள்; இன்னொருவர் கீழே இறங்கி மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்கட்டும்.

வந்திறங்கும் துணை மருத்துவர் முதலில் கேட்பவை: எத்தனை நிமிடம் நீடித்தது, உடல் முழுதும் வெட்டியதா, ஒரு பக்கம் மட்டுமா, பிள்ளையின் எடை என்ன? பிள்ளைகளுக்கு மருந்தை எடைக்கேற்பத்தான் கொடுப்பார்கள் என்பதால், எடை குறித்து வைத்திருக்கும் உடல்நலக் கையேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இத்தகைய வலிப்பு வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மீண்டும் வரலாம். காய்ச்சல் மருந்து உடல் அலுப்பைத் தணிக்குமே தவிர, வலிப்பைத் தடுக்காது. ஆகவே மறுபடி வந்தால், மருந்து கொடுக்கத் தாமதித்துவிட்டோமே என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் பேரனுக்கு ஆஸ்துமா உண்டு. இரவில் மூச்சு இரைத்தால் எப்போது ஆம்புலன்ஸை அழைப்பது? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுகிறானா என்று கவனியுங்கள். இவற்றில் எது தென்பட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், உடனே 995ஐ அழையுங்கள். இரைச்சல் குறைந்து பிள்ளை சோர்ந்து தூங்க முற்பட்டால், நலமாகிவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். காற்று உள்ளே செல்வதே குறைந்துபோனதாலும் ஒலி அடங்கலாம். அவனைப் படுக்க வைக்காமல் உங்கள் மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்துள்ள முறைப்படி மூச்சிழுப்பு மருந்தை ஆம்புலன்ஸ் வரும்வரை கொடுத்து வாருங்கள்.