புரோபோஃபால் மயக்கம் சில நிமிடங்களில் தெளிவது ஏன்?

இரத்தக் குழாயில் ஊசி போட்ட அரை நிமிடத்தில் நினைவிழக்கச் செய்யும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து, பத்து நிமிடத்துக்குள் உடலைவிட்டே வெளியேறிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது மூளையைவிட்டுத்தான் விலகுகிறது.

பால்போல வெண்மையான புரோபோஃபால் கொழுப்பில் எளிதில் கரைவதால், இரத்தம் மிகுதியாகப் பாயும் மூளைக்குள் விரைந்து புகுந்து, நரம்பணுக்களின் மேல் வாயில்கள்போல இருக்கும் காபா-ஏ ஏற்பிகளின் வழியே குளோரைடு அயனிகளை (மின்னூட்டம் கொண்ட துகள்களை) அந்த அணுக்களுக்குள் கூடுதலாக நுழையவிட்டு, அவற்றின் செயலை அடக்குகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் போதும். ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டிருப்பவரின் குரல் பாதியில் நிற்கும். இமைமயிரைத் தொட்டாலும் கண் சிமிட்டாது. மூச்சும் நின்றுபோகக்கூடும் என்பதால், மயக்கவியல் மருத்துவர் ஆக்சிஜன் முகமூடியைக் கையிலேயே வைத்திருப்பார்; மிகுந்த கவனம் வேண்டிய கணம் இதுதான் என்பேன்.

பிறகு மருந்து மூளையிலிருந்து தசைகளுக்குப் பரவிவிடுவதால், கல்லீரல் அதைச் சிதைத்து முடிப்பதற்கு வெகுமுன்பே, 5 முதல் 10 நிமிடத்தில் நினைவு திரும்பத் தொடங்கும். ஆகவேதான் நீண்ட அறுவை சிகிச்சைக்கு மயக்க வாயுவையோ அதே மருந்தைத் தொடர்ச்சியாகவோ செலுத்துகிறார்கள்.