கரும்புத் தோகையில் ஈஸ்ட்: கேள்வி பதில்

கேள்வி: தாய்லாந்தில் கரும்புத் தோகையிலிருந்து புது ஈஸ்ட் இனங்களைக் கண்டெடுக்கிறார்களாமே, எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: வழி இரண்டு. ஒன்று ஊட்டக் கரைசல். 3 கிராம் இலையை நறுக்கி, 15 மில்லி கரைசல் உள்ள குடுவையில் போட்டு, 25 டிகிரி செல்சியஸில் 2 நாள் குலுக்குவார்கள். கரைசலில் லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், பெப்டோன் (சிதைத்த புரதம்) 5, ஈஸ்ட் சாறு 3, மால்ட் சாறு 3. பாக்டீரியாவை அடக்க குளோராம்பெனிகால் 200 மில்லிகிராம்; இழைப் பூஞ்சையை அடக்க சோடியம் புரோபியனேட் 250. பிறகு அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் கோடிழுத்துத் தனித்தனிப் புள்ளிகளாக வளர்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், வேகமாகப் பெருகுவது முந்திக்கொள்ளும். மெதுவாக வளர்வது தட்டுக்கே வராது.

மற்றது பார்க்கவே அழகானது. ஸ்போரோபோலோமைசஸ் வகை ஈஸ்ட்கள் தம் வித்துகளைத் தாமே சுண்டி எறியும். இலைத் துண்டைப் பெட்ரி தட்டு மூடியின் உட்புறம் துளி வாஸ்லினால் ஒட்டி, கீழே அகர் வைத்தால், சில நாளில் இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் எழும்பும். மூடியில் வியர்த்து ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு, பாக்டீரியா தட்டையே மூடிவிடும். ஈரம் உலர்ந்த இலையையே ஒட்ட வேண்டும். பூஞ்சை படரும் முன் தினமும் பார்த்து எடுக்க வேண்டும்.

கேள்வி: புது இனம்தான் என்று எப்படித் தெரியும்?

பதில்: நிறத்தை நம்பவே கூடாது, இளஞ்சிவப்பு ஈஸ்ட் எந்த இலையிலும் கிடைக்கும். ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் அமைப்பு) மரபணுவின் டி1/டி2 என்ற பகுதியில் சுமார் 600 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து, அறிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 6 எழுத்துக்கு மேல் மாறினால் பெரும்பாலும் வேறு இனம். காளான் உறவு ஈஸ்ட்களில் இதைவிடச் சிறிய வேறுபாடே இனத்தைப் பிரிக்கக்கூடும். அதனால் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் பகுதியையும் பார்ப்பார்கள். படிக்கும்போது ஒரே இடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் இரண்டு ஈஸ்ட் கலந்திருக்கிறது என்று பொருள். மறுபடி கோடிழுக்க வேண்டியதுதான். கரும்பிலையின் மேலும் உள்ளும் கிடைத்த விக்கர்ஹாமியெல்லா சயாமென்சிஸ் என்ற ஈஸ்ட் இப்படிப் புது இனமாகப் பெயர் பெற்றதே. பெயரிலேயே சயாம், அதாவது தாய்லாந்தின் பழைய பெயர், இருக்கிறது.

கேள்வி: இந்த இளஞ்சிவப்பு ஈஸ்டை ஆப்ப மாவில் போடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்போரோபோலோமைசஸ் சர்க்கரையை நொதிக்கவே வைக்காது, மாவு பொங்காது.