உப்புக் கேன் எப்படிக் காலியானது?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக நன்றாக இருந்த ஹேமர் பவளம் (நுனிகள் சுத்தியல் போல இருக்கும்) பத்து நாளாக விரிவதில்லை. ஐந்து தலைகளில் ஒன்றில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறது. கோமாளி மீன்கள் இரண்டும் துள்ளுகின்றன. போன மாதம் கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை) 8, கால்சியம் 420. இப்போது 9.1, 480. கூடினால் நல்லதுதான் என்று கடையில் சொன்னார்கள். உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வழக்கமான 1.026 காட்டுகிறது. சூடு ஏறாமல் இருக்கச் சின்னக் காற்றாடி ஓடுகிறது. வேலை நெருக்கடியில் மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை; அதற்காக உப்புக் கரைத்து வைத்த 20 லிட்டர் கேனும் முக்கால்வாசி காலி, இனிதான் கரைக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா வந்து இருபது நாள் ஆகிறது. காலையில் முக்கால் லிட்டர் சொம்பில் தண்ணீர் ஊற்றுவதை அவரிடம் விட்டிருக்கிறேன். அவருக்கு இதெல்லாம் புரியாது, சொன்னதைச் செய்வார். காற்றாடி ஓரத்தில் உப்புப் பூக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எந்த மருந்து ஊற்றினால் பவளம் பிழைக்கும்?

பதில்: தம்பி, மூன்று வாரமாகத் தண்ணீரே மாற்றாத வீட்டில், தண்ணீர் மாற்றுவதற்கென்று கரைத்து வைத்த கேன் எப்படிக் காலியாகும்? போகிற போக்கில் அந்த வரியை எழுதிவிட்டீர்கள். நீங்கள் கேட்டதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

முக்கால் லிட்டர் சொம்பு, இருபது நாள். பதினைந்து லிட்டர். இருபது லிட்டர் கேனில் முக்கால்வாசி அதுவேதான். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். போன தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உங்கள் வீட்டில் இருபது நாளும் உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் அரைக் கிலோவுக்கும் மேலே உப்பு கூடுதலாக இறங்கியிருக்கிறது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருந்த தொட்டி இன்று 40-ஐத் தொட்டிருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்கள் எழுதிய எண்களையே பாருங்கள். 8 இருந்த கேஎச் 9.1 ஆனது. 420 இருந்த கால்சியம் 480 ஆனது. இரண்டும் ஏழில் ஒரு பங்கு ஏறியிருக்கின்றன. 35-க்கு 40 என்பதும் அதே ஏழில் ஒரு பங்கு. கேஎச்சும் கால்சியமும் அந்த உப்போடு சேர்ந்தே வருபவை. கேஎச் தனியாக ஏறினால் வேறு காரணம் தேடலாம். எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறினால் உப்பைத் தவிர வேறில்லை. ஹைட்ரோமீட்டர் ஏன் சொல்லவில்லை என்றால், முள்ளில் உப்பு படிந்து கனத்துவிட்டால் அது குறைத்துத்தான் காட்டும். காற்றுக் குமிழ் ஒட்டினால் கூட்டிக் காட்டும். பிளாஸ்டிக் முள்ளை நம்பிப் பவளம் வளர்க்காதீர்கள்.

மீன் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். மீன் மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவு. செங்கடலில் 40 பிபிடியில் பவளம் வாழ்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது தலைமுறை தலைமுறையாக அங்கேயே பழகியது. உங்களுடையதை இருபது நாளில் அங்கே தள்ளியிருக்கிறீர்கள்.

தள்ளியது நீங்கள்தான், அம்மா இல்லை. ‘குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேனில் இருப்பதை ஊற்றுங்கள்’ என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். சர்வீஸ் யார்டில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கேன், இரண்டிலும் ஒரு எழுத்துகூட இருந்திருக்காது. அவர் ஒருநாள்கூடத் தவறாமல் சொன்னதைச் செய்திருக்கிறார். அதோடு, காற்றாடி ஓரத்தில் உப்புப் பூப்பதைக் கண்டு உங்களிடம் வந்து சொன்னதும் அவர்தான். கடைக்காரர் பார்க்காததை, உங்கள் கருவி காட்டாததை, ‘புரியாது’ என்று நீங்கள் எழுதிய அம்மா பார்த்திருக்கிறார். மகனோடு இருக்க வந்தவரிடம் ஓர் உயிரைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தீர்கள். அதற்கு வேண்டிய இரண்டு வார்த்தையைக் கொடுக்கவில்லை. இப்படி வரும் கடிதங்களில் பாதியில் ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவோ மாமியாரோ இருக்கிறார்கள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவருக்குத்தான் அதன் கடமை. கைமாற்றினால் சொல்லிக்கொடுத்துக் கைமாற்ற வேண்டும்.

இனி வேலையைப் பாருங்கள். முதலில், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி திரவத்தில் சரிபார்க்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது 35 பிபிடி கடல்நீராகத் தெரியும்.

அளவு 40 என்று வந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள். ஏறியதில் பிழைத்த பவளம் சட்டென்று இறக்கினால் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு பிபிடி, அதற்கு மேல் கூடாது. தொட்டியிலிருந்து இரண்டரை லிட்டர் எடுத்து, அதே அளவு ஆர்ஓ டிஐ தண்ணீர் (வடிகட்டி, மிச்சத் தாதுக்களும் நீக்கியது) விட்டால் 40 என்பது 39 ஆகும். காலையில் பாதி, இரவு பாதி. பவளத்தின் தலையில் ஊற்றாமல் தொட்டியின் பின்பக்கம் பம்ப் இருக்கும் தடுப்பு அறையில் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டவிடுங்கள். அன்றன்று ஆவியாகும் முக்கால் லிட்டருக்கும் நல்ல தண்ணீரே. ஐந்து நாளில் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும். உப்பு இறங்கும்போது கேஎச்சும் கால்சியமும் தாமாகவே கூட இறங்கும். பயந்துபோய் கேஎச் ஏற்றும் பஃபர் பொடி போட்டுவிடாதீர்கள். அந்த வாரம் விளக்கை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். பவளத்தை இடம் மாற்றாதீர்கள், அது விரியும்வரை இரை வைக்காதீர்கள். பாட்டில் மருந்து எதுவும் தொட்டிக்குள் வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் பற்றி ஒன்று. ஊரில் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் பறந்துவிடும். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமின். எத்தனை ராத்திரி வைத்தாலும் அப்படிப் போகாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீர்தான் ஆகும்.

எலும்பு தெரியும் தலையைத் தினமும் கிட்டப் போய்ப் பாருங்கள். சதை ஒட்டிச் சுருங்கியிருந்தால் காத்திருக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் சுத்தியல் நுனிகள் மறுபடி உப்பி வெளியே வரும். பழுப்பாகக் கூழ் போலத் தொங்கி, வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் அடித்தால் காத்திருக்கக் கூடாது, அது பக்கத்துத் தலைக்குத் தொற்றும். பம்பை நிறுத்துங்கள். கூழை ஒரு பெரிய பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துக் கொட்டுங்கள், தொட்டியில் பறக்கவிடாதீர்கள். அந்தத் தலையைச் சதைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே எலும்பில் வெட்டி எறியுங்கள். மீதித் தலைகளைத் தொட்டித் தண்ணீர் எடுத்த தனிக் கிண்ணத்தில் அயோடின் குளியல் போட்டு, லேபிளில் உள்ள நேரத்துக்கு மேல் விடாமல் எடுத்துத் தொட்டியில் வையுங்கள். குளிப்பாட்டிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

தானாக நீர் நிரப்பும் கருவி வாங்கலாம். மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்தால், உப்புப் படிந்தால், பம்ப் நிற்காமல் ஊற்றிவிடும்; அதனால் அதன் கேன் ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். மொத்தமும் கொட்டினாலும் 35 என்பது 33-க்கு இறங்கும், அதோடு போகும்.

அதுவரை சொம்பே போதும். உப்புக் கேனுக்குச் சிவப்பு மூடி போட்டு ‘உப்பு’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். இன்னொன்றில் ‘தினமும் ஊற்ற’ என்று எழுதுங்கள். பம்ப் அறைக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தண்ணீர் அந்தக் கோடு வரை என்று அம்மாவிடம் காட்டுங்கள். இந்த மாதிரித் தொட்டியில் தண்ணீர் குறைவது அந்த அறையில்தான் தெரியும். ஏன் நல்ல தண்ணீர் என்பதையும் சொல்லுங்கள். அடுப்பில் வைத்த ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பது அவருக்குத் தெரியாததா?

பவளம் சுருங்கியதைத் தினமும் காலையில் முதலில் பார்ப்பவர் அவர். தன் கை பட்டுத்தான் இப்படி ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டிருப்பார். இன்று இரவு தண்ணீரை அளப்பதற்கு முன்னால் அவரிடம் போய், ‘கேனில் எழுதி வைக்காதது என் தப்பு, உப்புப் பூப்பதை நீங்கள் சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள்.