எடையில் குறைத்த காசும் கோயில் உபயமும்

கேள்வி: "சந்தையில் எடையைக் குறைத்துச் சேர்த்த காசில் கோணேசருக்கு ஒரு திருவிழா உபயம் செய்தால் பாவம் கழியுமா? கழியாதென்றால், நல்லது கெட்டதைச் சொல்லச் சமயம் எதற்கு?"

கழியாது. திருகோணமலையில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்று எங்கே கேட்டாலும் அதுதான் பதிலாக வரும். ஆனால் சொல்லும் காரணங்கள் ஒன்றல்ல. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தக் காரணங்களுக்குள் கிடக்கிறது.

முதலில் கணக்கு. கிலோவுக்கு 50 கிராம் குறைக்கும் தராசு என்று வையுங்கள். நாளுக்கு 40 கிலோ மீன் என்றால், 2 கிலோ மீன் கொடுக்காமலே காசாகிறது. மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் வருஷத்துக்கு 600 கிலோ. கிலோ 1,000 ரூபா என்று மலிவாகப் போட்டாலும் 6 இலட்சம். அதில் 1 இலட்சத்தை உபயத்துக்குக் கொடுத்தால் 5 இலட்சம் பெட்டியில் இருக்கிறது. கடன்பட்டது மீன் வாங்கிய சனத்திடம், கொடுத்தது கோயிலுக்கு. சாதாரணக் கடனையே இப்படி ஒருவரும் தீர்க்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் மிகத் துல்லியமாகப் பேசுவது இஸ்லாமியச் சட்டம். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹபை, அதாவது ஷாபி சட்டநெறியைச் சேர்ந்தவர்கள். அந்த மத்ஹபின் பெரிய அறிஞரான இமாம் நவவி தவ்பாவுக்கு, அதாவது பாவமன்னிப்புத் தேடுவதற்கு, மூன்று நிபந்தனை சொல்கிறார்: பாவத்தை நிறுத்த வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். பாவம் இன்னொரு மனிதனைத் தொட்டிருந்தால் நான்காவதும் உண்டு. அவனுக்குரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "அதுதான் ஸக்காத் கொடுக்கிறேனே" என்பது பலர் தவறும் இடம். ஸக்காத் என்ற கட்டாயத் தருமத்தின் இரண்டரை வீதம் என்பது உங்கள் சொத்துக்கு. ஏமாற்றிய காசு உங்கள் சொத்தே இல்லை, அது முழுவதும் கையை விட்டுப் போக வேண்டும். சந்தையில் வாங்கிப் போனவர்களை இனித் தேடிப் பிடிக்க முடியாதுதான். அப்போது அந்தத் தொகை ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ போகும். தருமம் செய்த நன்மை அதற்குக் கிடைக்குமென்று எதிர்பார்க்கக்கூடாது.

கத்தோலிக்கரிடமும் ஏறக்குறைய இதே ஒழுங்கு. பாவசங்கீர்த்தனம் செய்தாலும் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அப்படியே நிற்கும். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அதைத் தெளிவாக வைத்திருக்கிறது. பௌத்தம் உப்புக்கட்டி உவமை சொல்லும். ஒரு கட்டி உப்பைக் கோப்பைத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது, கங்கையில் போட்டால் தெரியாது. வாழ்க்கை முழுவதும் நல்லது செய்து மனம் விரிந்தவனுக்கு ஒரு சிறு பிழையின் விளைவு மெலிதாகும் என்பது பொருள். உப்பு இல்லாமல் போயிற்று என்று அதற்குப் பொருள் இல்லை. போயாவுக்குப் போயா (பௌர்ணமிக்குப் பௌர்ணமி) ஒரு தன்சல் (இலவச உணவுப் பந்தல்) என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்த உவமையைத் தங்களுக்கு வாய்ப்பாக வாசித்துக்கொள்கிறார்கள்.

சைவ சித்தாந்தம்தான் சிக்கலானது, சுவையானதும் கூட. நல்வினை பொன்விலங்கு, தீவினை இரும்புவிலங்கு என்பார்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழற்ற முடியாது, இரண்டும் விலங்குதான். இது வரை சரி. ஆனால் அதே மரபில், சிவஞான சித்தியாரில், "அரனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமதாகும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் காட்டப்படும் ஆள் சண்டேசர். மணலில் இலிங்கம் பிடித்துப் பாலாட்டிக்கொண்டிருந்த சிறுவன், பாற்குடத்தைக் காலால் இடறிய தகப்பனின் காலை வெட்டினான். அவனுக்குச் சிவன் சண்டேசர் என்ற பதவியைக் கொடுத்தார். தம் மகனைப் பலியிடத் துணிந்த இப்ராஹீம் நபியின் நிகழ்ச்சியும் இதே முடிச்சுத்தான்: பிழையான செயல் தெய்வத்துக்காகச் செய்தால் சரியாகுமா? ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் அதன் நினைவு.

தத்துவத்தில் இந்த முடிச்சுக்கு வயது 2,400 ஆண்டு. சோக்கிரட்டீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிய கேள்வி: நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால் நல்லதாகிறதா? இஸ்லாமிய இறையியலில் முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர் முன்னதைச் சொன்னார்கள், அறிவாலேயே நன்மை தீமை விளங்கும் என்று. அஷ்அரிகள் என்ற பிரிவினர் பின்னதைச் சொன்னார்கள், கட்டளையே அளவுகோல் என்று. டென்மார்க் தத்துவஞானி கீர்க்ககோர் 1843இல் இப்ராஹீமின் நம்பிக்கை ஒழுக்க விதிக்கும் மேலே ஏறி நிற்பதாக எழுதினார். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1798இல் ஒரே போடாகப் போட்டார்: மகனைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு நிச்சயம், பேசுவது கடவுள்தான் என்பது நிச்சயமில்லை என்று இப்ராஹீம் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் இதில் கான்ட் பக்கம். காரணம் சண்டேசர் கதையிலேயே இருக்கிறது. அதைக் கேட்கும் எவரும் முதலில் திடுக்கிடுகிறார்கள். தகப்பன் காலை வெட்டுவது பிழை என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் திடுக்கிடும். கட்டளைதான் முழு அளவுகோல் என்றால் அதில் திடுக்கிட ஒன்றுமே இல்லை. நவவியின் நான்காவது நிபந்தனையும் அதே பக்கம் சாய்கிறது என்று எனக்குப் படுகிறது, அவர் அஷ்அரி மரபினர் என்றாலும்: மீன் வாங்கியவருக்குப் பட்ட நட்டம், தொழுகையில் எத்தனை கண்ணீர் விட்டாலும் நட்டமாகவே நிற்கிறது.

அப்படியென்றால் சமயத்துக்கு என்ன வேலை? பழக்கம், நாள், ஒரு கை அசைவு. எது பிழை என்று பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்ததை மறக்கவிடாமல் பிடித்து வைப்பது பெரிய வேலை. சிவன் கோயிலில் வலம் வந்து முடிக்கும்போது சண்டேசர் சந்நிதியில் நின்று இரு கையையும் மெல்லத் துடைத்துக் காட்டுவோம். (ஓங்கித் தட்டுவது பிழை. அவர் தியானத்தில் இருக்கிறார்.) சிவன் சொத்தில் ஒரு துரும்பும் கொண்டுபோகவில்லை என்பது அதன் பொருள். மற்றவன் சொத்துக்கும் அதே கையைக் காட்ட முடியுமா என்று ஒரு கணம் நினைத்தால் அந்தச் சடங்கு வேலை செய்கிறது. நினைக்காமல் அடுத்த சந்நிதிக்கு ஓடினால், அது கை உதறல்தான்.

உபயத்தை விட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதலில் தராசு. சரிபார்த்த 1 கிலோப் படியை வைத்துப் பாருங்கள், இலக்கம் 1,000 காட்ட வேண்டும். தட்டு சமமான இடத்தில் இல்லாவிட்டாலும், ஐஸ் தண்ணீர் வடியாத மீனை நிறுத்தாலும், பொலித்தீன் பையோடு பூச்சியத்துக்குக் கொண்டுவராமல் வைத்தாலும் 20, 30 கிராம் மாறும். ஏமாற்ற நினைக்காதவரும் சறுக்கும் இடம் இது. பிறகு பழைய கணக்கு: தெரிந்த வாடிக்கையாளருக்கு நேரே, தெரியாதவர்களின் பங்கு பெயர் போடாமல் ஏழைகளுக்கு. அதற்கும் பிறகு மிஞ்சுவது உங்கள் காசு. உபயத்துக்கு அதிலிருந்து எடுங்கள்.