பென்சீன் வளையம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): புரோமினைச் சேர்த்துக்கொள்ளும் இரட்டைப் பிணைப்புகள் மூன்று இருந்தும் பென்சீன் புரோமின் நீரின் நிறத்தை ஏன் நீக்குவதில்லை?

பதில்: அந்த மூன்றும் தாளில் நாம் வரைபவை. ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34; பென்சீனிலோ ஆறு கார்பன்களாலான வளையத்தின் ஆறு பிணைப்புகளும் ஒரே சீராக ஏறத்தாழ 1.39. ஓர் இரட்டைப் பிணைப்புள்ள வளையஹெக்சீனை ஹைட்ரஜனேற்றம் செய்தால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிப்படுகிறது. மூன்று இருந்தால் 360 வரவேண்டிய இடத்தில் பென்சீன் தருவது 208 மட்டுமே. குறைகின்ற அந்த ஏறத்தாழ 150 கிலோஜூல்தான் வளையத்தின் நிலைப்புத்தன்மை. புரோமின் வந்து சேர்ந்தால் அது பறிபோகும் என்பதால், ஃபெர்ரிக் புரோமைடின் துணையோடு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து ஒரு புரோமினை ஏற்கும் பதிலீட்டு வினைக்கே வளையம் இசைகிறது.

கேள்வி (கல்லூரி மாணவர்): 1-குளோரோபுரோப்பேனைக் கொண்டு ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினை (அலுமினியம் குளோரைடின் துணையோடு வளையத்தில் கார்பன் தொகுதியைச் சேர்ப்பது) செய்தால் கிளைத்த ஐசோபுரோப்பைல் பென்சீன் ஏன் மிகுதியாக வருகிறது?

பதில்: ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையோடு கூடிய ஹைட்ரஜன்) இடம்பெயர்ந்து, நிலைப்பு மிகுந்த ஈரிணைய கார்போகேட்டயன் (நேர்மின்சுமை கொண்ட கார்பன்) உருவாவதால். விடைத்தாளில் 'நீரற்ற' அலுமினியம் குளோரைடு என்று எழுதுங்கள்; அச்சொல்லை விட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். மூடி சரியாகப் பொருந்தாத புட்டியை மழைக்காலத்தில் திறந்து, ஈரம் பட்டு எழும் வெண்புகை மூக்கில் ஏறியவர்களுக்கு அச்சொல்லின் அருமை தெரியும்.

கேள்வி (பட்டறை நடத்துபவர்): கையில் படிந்த கிரீஸைப் பென்சீனால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. பென்சீன் வளையத்தோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்தது டொலுயீன்; அத்தொகுதியை உடல் பென்சாயிக் அமிலமாக்கி வெளியேற்றிவிடும். பென்சீனிலோ அத்தகைய பிடி இல்லாததால் கல்லீரல் வளையத்தையே ஆக்சிஜனேற்றம் செய்கிறது; நச்சுப்பொருள்கள் அதிலிருந்தே பிறக்கின்றன. அதற்காக டொலுயீனிலும் கையை நனைக்க வேண்டாம். சோப்பு போதும்.

கேள்வி (மூவர், வெவ்வேறு சொற்களில்): குளோரின் வளையத்தின் வினைத்திறனைக் குறைக்கிறது; ஆனாலும் புதிய தொகுதியை ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு (தனக்கு அடுத்த, நேரெதிர் கார்பன்களுக்கு) ஆற்றுப்படுத்துகிறதே?

பதில்: தூண்டல் விளைவால் (பிணைப்பின் வழியே) எலக்ட்ரானை இழுப்பதால் வேகம் குறைகிறது, தனித்த எலக்ட்ரான் இணையைக் கொடுத்து ஆர்த்தோ, பாரா இடைநிலைகளைத் தாங்குவதால் இடம் முடிவாகிறது. நான்காவதாகக் கேட்கவிருப்பவர் இவ்விரு வரிகளையும் மீண்டும் படிக்கவும்.

கேள்வி (வேதியியல் ஆசிரியர்): இரட்டைப் பிணைப்புகள் இரு கெக்குலே வடிவங்களுக்கிடையே (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளை மாற்றி மாற்றி வரையும் இரு படங்கள்) அதிவேகமாக மாறிக்கொண்டிருப்பதே உடனிசைவு என்று கற்பிக்கிறேன். தவறா?

பதில்: தவறு. கோயில் தூணில் நிற்கும் யாளி, ஒரு கணம் யானையாகவும் மறுகணம் சிங்கமாகவும் மாறுவதில்லை. அது எப்போதும் யாளிதான். பென்சீனும் எப்போதும் அவ்விரு வடிவங்களின் கலப்பான ஒரே பொருள்தான்.

அவரே மீண்டும்: உவமை அழகு, ஆனால் 1872இல், வளைய வடிவத்தை முன்மொழிந்த கெக்குலேயே அலைவைத்தானே சொன்னார்? ஆர்த்தோசைலீனை (அடுத்தடுத்து இரு மெத்தில் தொகுதிகளுள்ள பென்சீனை) ஓசோனேற்றினால் (ஓசோனால் இரட்டைப் பிணைப்புகளை வெட்டினால்) கிளையாக்சால், மெத்தில் கிளையாக்சால், டைமெத்தில் கிளையாக்சால் 3:2:1 விகிதத்தில் கிடைப்பது இரு வடிவங்களும் இருப்பதற்குச் சான்றல்லவா?

பதில்: நல்ல மறுப்பு. கெக்குலே அதைச் சொன்னபோது எலக்ட்ரானே கண்டறியப்படவில்லை. கையிலிருந்த கருத்துகளைக் கொண்டு அவர் செய்தது பெரிய காரியம். லெவினும் கோலும் 1932இல் செய்த ஓசோன் சோதனை, ஒரு வடிவம் மட்டும் நிலையாக இருந்தால் அம்மூன்றும் சேர்ந்து வராது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. இரண்டு மெத்தில்களுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு உட்பட வளையத்தின் ஆறு பிணைப்புகளிலும் ஓசோனின் தாக்குதல் தொடங்கக்கூடும் என்றாலே அவ்விகிதம் கிடைத்துவிடும், அலைவு தேவையில்லை. உண்மையில் அலைவதாயின், அணுக்கருக்களும் நீண்டும் குறுகியும் நகர வேண்டும், இரு நிலைகளுக்கும் இடையே ஓர் ஆற்றல் தடை இருக்க வேண்டும். பென்சீனில் சீரான அறுகோணமே ஆற்றலின் அடிமட்டம்.

கேள்வி (மற்றொருவர்): குளோரின் ஏன் ஆர்த்தோ, பாரா...

பதில்: மேலே.

கேள்வி (ஆசிரியர், இறுதியாக): அப்படியானால் கெக்குலே வடிவத்தை ஏன் இன்னும் வரைகிறோம்? அறுகோணத்துக்குள் வட்டம் போட்டால் போதாதா?

பதில்: வட்டத்துக்குள் எலக்ட்ரான்களை எண்ண முடியாது. வினை வழிமுறையில் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டக் கெக்குலே வடிவமே உதவும். இரு வளையங்கள் ஒட்டிய நாஃப்தலீனுக்கு இரண்டு வட்டம் போடும் மாணவர் வட்டத்துக்கு ஆறாகக் கணக்கிட்டுப் பன்னிரண்டு பை எலக்ட்ரான் (இரட்டைப் பிணைப்புக்கு இரண்டாக வருபவை) என்கிறார், இருப்பதோ பத்து.