கார்பரேட்டரை மாத்தணும்னு சொன்னா உடனே மாத்தாதீங்க

கேள்வி: என்னிடம் 1994 மாடல் மாருதி ஜிப்சி இருக்கிறது, 970 சிசி, கார்பரேட்டர் வண்டி. தோட்டத்திலிருந்து பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கிரேட் போவதும் அதில்தான், எப்போதாவது அஞ்செட்டிப் பக்கம் காட்டு ரோட்டில் போவதும் அதில்தான். ரெண்டு மாதமாக ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டால், ஆஃப் ஆகிவிடுகிறது, சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி அமுங்கி அப்புறம்தான் எடுக்கிறது. மெக்கானிக் புது கார்பரேட்டர் போடச் சொல்கிறார். போடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சோக் இழுத்தால் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீங்க, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்பரேட்டர், அதில் காற்றைக் குறைப்பது சோக். அதை இழுத்தால் ஓடுகிறது என்றால் இன்ஜினுக்குக் காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ போகிறது. ஒன்று எங்கேயோ ஏர் இழுக்கிறது, இல்லையென்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது.

முதலில் வேக்கம் ஹோஸ்களைப் பாருங்க. முப்பது வருஷ ரப்பர், நகத்தால் அழுத்தினாலே வெடிப்பு தெரியும். அப்புறம் வண்டியை ஓடவிட்டு, கார்பரேட்டர், இன்ஜினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில் உட்காரும் கேஸ்கெட்டைச் சுற்றி கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடிங்க. ஓட்டம் சட்டென்று மாறினால் அங்கேதான் ஓட்டை. இதை சைலன்சர் பைப் சூடேறும் முன்னாடியே செய்துவிடுங்க, பக்கத்தில் யாரும் பீடியோடு நிற்க வேண்டாம். கார்பரேட்டரில் வயர் போகும் சொலினாய்டு, அதாவது சாவி போட்டால் பெட்ரோல் வழியைத் திறக்கும் வால்வு, இருந்தால், சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று சத்தம் வரணும். வரவில்லையென்றால் வயரிங்கைப் பாருங்க, இந்த ஒரு வயருக்காக முழு கார்பரேட்டரையே மாற்றியவங்க உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால் கழற்ற வேண்டியதுதான். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று முதலில் போனில் நாலு போட்டோ எடுத்துக்குங்க. மேனிஃபோல்டு வாயில் துணியை அடைத்துவிடுங்க, ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அப்புறம் ஹெட்டைத்தான் கழற்றணும். ஐடிலிங்கில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைங்க. எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தின் மேல் வைத்துப் பிரிங்க, ஏனென்றால் மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீச்சும் ஆக்சிலேட்டர் பம்ப் வழியில் இருக்கும் கடுகு மாதிரியான குண்டு கவிழ்க்கும்போது சத்தமில்லாமல் உருண்டு போய்விடும், அது இல்லாமல் பூட்டினால் அந்த ஒரு நொடி அமுக்கம் போகவே போகாது. ஜெட்டில் கம்பி விடாதீங்க, பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும், கிளீனரும் ஏர் கம்ப்ரசரும் போதும். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளைப் பவுடர் படிந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் அரிக்கும். கார்பரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கும்போது பம்ப் டயாஃப்ரமும் நீடில் வால்வும் இருக்கா என்று பார்த்து வாங்குங்க, கூடவே எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸும் மாற்றிவிடுங்க.

மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்பும் கம்பியான த்ராட்டில் ஷாஃப்ட். விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்க. நன்றாக ஆடினால் அந்த இடைவெளியிலேயே காற்று நுழையும், கிட் போட்டுப் பிரயோஜனம் இல்லை. நல்ல லேத் ஆள் இருந்தால் ஷாஃப்டைச் சுற்றிப் புஷ் என்ற வளையம் அடித்துக் கொடுப்பார், இல்லையென்றால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. பளபளப்பைப் பார்த்து விலை குறைந்த டூப்ளிகேட் மட்டும் வாங்காதீங்க, நான் வாங்கினேன், ஒரே மாதத்தில் பழையதையே தேடிப் பூட்டினேன்.

கேள்வி: ஓசூரில் டியூன் செய்த பெட்ரோல் ஜீப், ஒகேனக்கல் இறங்கியதும் ஐடிலிங்கில் இருமுகிறது. ஏன்?
- வாசகர், ஓசூர்

பதில்: ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர், ஒகேனக்கல் அதைவிடப் பல நூறு மீட்டர் பள்ளம். கீழே காற்று அடர்த்தி, ஜெட் மட்டும் அதே ஜெட், அதனால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்க. மேலே வந்ததும் பழையபடி வைத்துவிடுங்க, இல்லையென்றால் பிளக் கரி பிடிக்கும்.