மார்மன் மிஷனரிகளாக வெளிநாடு போகும் இளைஞர்கள் அங்கே தினமும் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "18 வயதுப் பையன்களை மூளைச்சலவை செய்து அனுப்பிவிடுகிறார்களா?" அதற்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

2015 முதல் 2019 வரை தைவானின் சின்ஜு நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நான் குடியிருந்த கட்டடத்தில் எனக்கு மேல் மாடி வீட்டை மார்மன் சபை தன் மிஷனரிகளுக்காக வாடகைக்கு எடுத்திருந்தது. வீடு அப்படியே இருக்கும், பையன்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பல பேருடன் நெருங்கிப் பழகியிருக்கிறேன், சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். நான் சைவ சமயக் குடும்பத்தில் பிறந்தவன், இன்றும் அப்படியேதான் இருக்கிறேன். அவர்களுடைய மதக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்தப் பையன்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. மார்மன் என்பது மற்றவர்கள் கூப்பிட்டுப் பழகிய பெயர். அவர்கள் சொல்லும் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக ஏற்பவர்கள். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழுநேர மிஷனரிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பையன்கள் 2 ஆண்டு, பெண்கள் 18 மாதம். 2012க்கு முன் பையன்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று இருந்த குறைந்தபட்ச வயதை அந்த ஆண்டு 18, 19 என்று குறைத்தார்கள். நான் பழகியவர்களில் பலர் பள்ளி முடித்து நேராக வந்தவர்கள்தான்.

இது சம்பளம் இல்லாத வேலை. மாதாமாதம் ஒரு தொகையை அவர்களோ குடும்பமோ கட்ட வேண்டும். சிறு வயதிலிருந்தே புல் வெட்டியும் கடையில் வேலை பார்த்தும் இதற்காகச் சேர்த்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். எந்த நாடு என்று கேட்கவும் முடியாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சால்ட் லேக் சிட்டியிலிருந்து அழைப்பு வரும். ஒருவனுக்குப் பக்கத்து மாநிலம் வரும், ஒருவனுக்குத் தைவான் வரும். வெளிநாட்டு மொழி என்றால் யூட்டாவின் ப்ரோவோ நகரத்தில் சில வாரப் பயிற்சி, அப்புறம் விமானம்.

இந்த வழக்கம் நம் ஊருக்கும் புதிதல்ல. 1853இலேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி சால்ட் லேக் சிட்டியிலிருந்து மதராஸுக்கு வந்து ஓராண்டு தங்கியிருக்கிறார். பெரிய வெற்றி எதுவும் கிடைக்காமல்தான் திரும்பினார். மேல் மாடிப் பையன்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்குப் பாலன்டைன் பெயர் தெரிந்திருந்தது. மதராஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 6.30க்கு எழுந்தாக வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. தலைக்கு மேல் தரை அதிர்வது எனக்குக் கேட்கும். பிறகு குளியல், காலைச் சாப்பாடு. அதன்பின் வேதப் படிப்பு, கொஞ்ச நேரம் தனியாக, கொஞ்ச நேரம் இருவர் சேர்ந்து. அப்புறம் மொழிப் படிப்பு. மாண்டரின் எழுத்துகளை அட்டையில் எழுதிக் குளியலறைக் கண்ணாடி வரைக்கும் ஒட்டி வைத்திருப்பார்கள். முற்பகலில் கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. மறுநாள் யாரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று திட்டம் எழுதிவிட்டு 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே முதலில் இருட்டாவது 18 வயதுப் பையன்கள் இருக்கும் வீடுதான்.

வெளியே இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி சைக்கிளில் போகும். தலையில் ஹெல்மெட், முதுகுப் பையில் மார்மன் புத்தகப் பிரதிகள். தைவானில் ஸ்கூட்டர்கள் அதிகம் என்பதால் சிவப்பு விளக்கில் நிற்கிற அந்த அரை நிமிடத்தில் பக்கத்து ஸ்கூட்டர்காரரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். பெயர், ஊர், ஒரு வாக்கியத்தில் தாங்கள் யார் என்பது, ஒரு சீட்டு. பச்சை விழுந்தால் அவர் போய்விடுவார். அடுத்த விளக்கில் அடுத்த ஆள். ஆகஸ்ட் வெயிலில் முழுக்கப் பொத்தான் போட்ட சட்டையும் டையுமாக இதைச் செய்வது சாதாரண விஷயமில்லை. சின்ஜுவுக்குக் காற்று நகரம் என்றே பெயர். குளிர்காலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் நகராது. பெண் மிஷனரிகள் இதே சைக்கிளைப் பாவாடையோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2018 டிசம்பரில்தான் அவர்களுக்குப் பேன்ட் அணிய அனுமதி வந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

மறுப்பு என்பது ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்று அவர்களே எண்ண மாட்டார்கள். தைவான் மக்கள் மென்மையானவர்கள், முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவது அரிது. "வேண்டாம், நன்றி" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். நட்போடு பேசுகிறவர்களில் பலருக்கும் ஆர்வம் ஆங்கிலத்தில்தான். அதனால் வாரம் ஒரு மாலை சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள் எனக் கூட்டம் சேரும். வகுப்பின் கடைசியில் சில நிமிடம் மதம் பேசுவார்கள், விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம். அந்த வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் வந்து, பையன்களுக்குப் பழங்களும் பலகாரங்களும் கொண்டுவந்து கொடுத்து, ஒரு நாளும் ஞானஸ்நானம் பெறாத பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பையன்களும் அவர்களை விட்டு விலகியதில்லை.

சேர விரும்புகிறவர்களுக்கும் வழி சுலபமில்லை. மது, புகை கூடாது என்பதோடு தேநீரும் காபியும் கூடாது. தேநீரையே உயிராக நினைக்கும் நாட்டில் இதைச் சொல்லி ஆள் சேர்க்க வேண்டும். தெருவுக்குத் தெரு தேநீர்க் கடை. பையன்கள் அங்கே வெண்பூசணியில் செய்த இனிப்புப் பானத்தையோ பப்பாளிப் பாலையோ வாங்கிக் குடிப்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை முன்னோர் வழிபாடு. பல தைவான் வீடுகளில் முன்னோருக்கென்று ஒரு பீடம் இருக்கும், ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். மகன் மதம் மாறி ஊதுபத்தியைத் தொட மாட்டேன் என்றால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பதை, மூத்த மகன் திதி கொடுக்க மறுத்த வீட்டை அறிந்த நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிஷனரிகளிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. தங்கள் சபையும் முன்னோரை மறப்பதில்லை, வம்சாவளியைத் தேடி எடுத்து இறந்தவர்கள் பெயரில் ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்கிறோம் என்பார்கள். தைபேயில் 1984இல் திறந்த ஆலயத்தில் அது நடக்கிறது. சில குடும்பங்கள் இதில் ஆறுதல் அடைந்தன. எனக்கு அது போதவில்லை. கேட்காமலேயே ஒருவரை அவர் இறந்தபின் இன்னொரு மதத்தின் சடங்குக்குள் கொண்டுவருவது சரியா என்று அவர்களிடமே கேட்டிருக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்பதுதான் தங்கள் நம்பிக்கை என்றார்கள். அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கதவு தட்டுவதுதான் இந்த வாழ்க்கையின் கடினமான பகுதி என்று நினைக்கிறார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு. அவர்கள் எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும். கூட இருப்பவருக்குக் கம்பேனியன் என்று பெயர். யார் என்பதை அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பாளரான மிஷன் பிரசிடென்ட் முடிவு செய்வார். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் பட்டியல் வரும், ஆள் மாறலாம், ஊர் மாறலாம். அதுவரை குளியலறை தவிர எங்கும் ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் விலகக் கூடாது. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் அன்று வீடுதான். ஒருவன் முடிவெட்டப் போனால் மற்றவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு சமயம் ஐடஹோ மாநிலத்துக் கிராமத்துப் பையன் ஒருவனும் காவ்சியுங் நகரத்துத் தைவான் பையன் ஒருவனும் ஜோடியாக வந்தார்கள். ஐடஹோக்காரன் கடிகாரத்தைப் பார்த்தே வாழ்பவன். இரண்டு நிமிடம் பிந்தினால் முகம் மாறிவிடும். மற்றவன் எதற்கும் அவசரப்படாதவன். வழியில் பார்க்கும் பழக்கடைக்காரரிடம் நின்று குடும்பக் கதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வருவான். முதல் வாரத்திலேயே சண்டை. நான் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும்போது ஒருவன் மாடிப்படியின் மேலேயும் ஒருவன் கீழேயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோபித்துக்கொண்டு வெளியே போகவும் அவர்களுக்கு வழியில்லை, விதி விடாது.

அவர்களுடைய கையேட்டில் வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இந்த வாரம் நம் இருவருக்குள் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை, நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுப் பேச வேண்டும். 18 வயதில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை, யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த இருவரும் கேட்டார்கள். ஒரு வாரத்தில் எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனால் போகப் போக, ஐடஹோக்காரன் பழக்கடைக்காக அட்டவணையில் கால் மணி நேரம் ஒதுக்கினான். அந்தக் கடையில்தான் அவனுடைய மாண்டரின் பேச்சு மொழியாக மாறியது. என் வீட்டு உரிமையாளருக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாய் பற்றித் தகராறு வந்தபோது எனக்காகப் பேசித் தீர்த்து வைத்ததும் அவன்தான்.

தைவான் பையனுடைய பாரம் வேறு. குடும்பத்தில் அவன் ஒருவன்தான் மதம் மாறியவன். திங்கட்கிழமை அவர்களுக்கு விடுப்பு நாள், பி டே என்பார்கள். துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, கூடைப்பந்து, வீட்டுக்கு மின்னஞ்சல் எல்லாம் அன்றுதான். ஐடஹோக்காரனுக்குத் தாத்தா வரைக்கும் கடிதம் எழுதுவார்கள். இவனுக்கு வீட்டிலிருந்து எதுவும் வராது. அப்போதெல்லாம் வீட்டுக்குப் போன் பேச ஆண்டில் இரண்டே நாள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியில் வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்ந்தது. அப்போது வேறு ஊரில் இருந்த அவன், அம்மா பேசினார் என்று எனக்குச் செய்தி அனுப்பினான். அப்பா பேசவில்லை.

இப்போது மூளைச்சலவைக் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. நான் பழகியவர்களில் சந்தேகம் கொண்டவர்கள் இருந்தார்கள், அதைச் சத்தமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் அழுத்தம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. யூட்டா, ஐடஹோ போன்ற இடங்களில் ஒரு பையன் மிஷனுக்குப் போகவில்லை என்றால் ஊர் கேட்கும். போய்விட்டுப் பாதியில் திரும்பினால் இன்னும் அதிகமாகக் கேட்கும். மேல் மாடியில் இருந்த ஒருவன் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாடிப்போய் நடுவிலேயே ஊருக்குப் போனான். உடம்பு சரியில்லை என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மனது சரியில்லை என்றால்தான் பயமாக இருக்கிறது என்று என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான். 18 வயதில் முடியாது என்று சொல்லித் திரும்புவதற்கும் தைரியம் வேண்டும். அந்தப் பையனைத் தோற்றவனாகப் பார்க்கும் ஊர் எந்த மதத்துடையதாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

முடித்துப் போனவர்களுக்கு மொழியும், அந்நியரோடு பேசும் பழக்கமும் வாழ்நாள் முழுக்க உதவுகின்றன. தைவானில் மிஷனரியாக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மன் 2009இல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். என் ஐடஹோ நண்பன் இப்போது அவன் ஊரில் பள்ளி ஆசிரியன். பழக்கடைக்காரருக்கு இன்றும் மாண்டரினில் எழுதுகிறானாம்.

இந்தப் பையன்களோ பெண்களோ நீங்கள் இருக்கும் ஊரில் உங்களிடம் பேச வந்தால், விருப்பமில்லை என்றால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். வெயில் நேரமாக இருந்தால் தேநீருக்குப் பதிலாகத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். மதம் பேச வேண்டாம் என்றால் அவர்கள் ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேளுங்கள். நான் பழகியவர்கள் எல்லாரும் அதற்கு ஆசையாகப் பதில் சொன்னவர்கள்தான்.